நீந்தாதவர்கள்

2016 ஜூன் 14. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் டிஸ்னி நிறுவனத்தின் உல்லாச விடுதி ஒன்று. விடுதியின் முன்னால் 172 ஏக்கர் ஏரி. மனிதர் வெட்டிய ஏரி அது. கரையில் மணல் கொட்டிக் கடற்கரைபோல் ஆக்கியிருந்தார்கள். அன்றிரவு அங்கே திறந்தவெளியில் படம் ஓடியது. மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. நெப்ராஸ்கா மாநிலத்திலிருந்து பெற்றோருடன் வந்திருந்த இரண்டு வயதுச் சிறுவன், மணல் வீட்டுக்காக வாளியில் தண்ணீர் மொள்ளக் குனிந்தான். விளிம்போரத் தண்ணீர், ஆழம் ஓர் அடிகூட இருக்காது. அலிகேட்டர் வகை முதலை ஒன்று அவனைக் கவ்வி இழுத்தது. தந்தை பாய்ந்து போராடினார், மீட்க முடியவில்லை. மறுநாள் பிற்பகல், கரைக்குச் சற்றுத் தள்ளி, ஆறடி ஆழத்தில் உடல் கிடைத்தது.

கரையில் அறிவிப்புப் பலகை இருந்தது. "நீந்தக் கூடாது" என்று அதில் எழுதியிருந்தது. சிறுவன் நீந்தவில்லை.

ஃபுளோரிடாவில் ஏறத்தாழ 13 லட்சம் அலிகேட்டர்கள் உள்ளன. நன்னீர் இருக்கும் இடமெல்லாம் முதலையும் இருக்கலாம் என்பது அங்கே வளர்ந்தவர்களுக்குச் சிறுவயதிலேயே தெரியும். நெப்ராஸ்காவில் முதலை கிடையாது. மூன்று நாள் கழித்து, ஜூன் 17 அன்று, கரையில் வேலியும் புதிய பலகையும் வந்தன: அபாயம், இப்பகுதியில் முதலைகளும் பாம்புகளும் உள்ளன, தண்ணீரைவிட்டு விலகி இருங்கள், விலங்குகளுக்கு உணவு தராதீர்கள். இதில் விடுதிக்குப் புதிதாகத் தெரியவந்த செய்தி எதுவும் இல்லை. ஏரியிலிருந்து முதலைகளைப் பிடித்து அகற்றுவது பல ஆண்டுகளாக நடந்துவந்த வேலை.

அடுத்த ஆண்டு, 2017 செப்டம்பர் 14. இலங்கையின் கிழக்குக் கரையில் அறுகம்பே. விடுமுறைக்கு வந்திருந்த இளம் பிரிட்டிஷ் பத்திரிகையாளர் ஒருவர் களப்பின் ஓரத்தில் கை கழுவப் போனார். முதலை இழுத்துச் சென்றது. மறுநாள் உடலைச் சேற்றிலிருந்து எடுத்தார்கள். அந்த இடத்தின் பெயரே முதலைப் பாறை. வெளியூர்ப் பயணி அதை அலைச்சறுக்குக்குப் பேர்போன இடத்தின் பெயராகத்தான் கேட்டிருப்பார்.

பலகை தெளிவாக இருந்தும் உயிர் போன இடம் உண்டு. ஆஸ்திரேலியாவின் காக்கடு தேசியப் பூங்காவில், 2002 அக்டோபரில், ஒரு சுற்றுலாக் குழு இரவில் குளத்தில் இறங்கியது. முதலை பற்றிய எச்சரிக்கைப் பலகை அங்கே இருந்தது. குழுவை அழைத்துவந்த வழிகாட்டி பயமில்லை என்றார். ஜெர்மனியிலிருந்து வந்த 23 வயதுப் பெண் இறந்தார். உள்ளூர்க்காரர் ஒருவர் வாயால் சொல்வது, கம்பத்தில் தொங்கும் எழுத்தைவிட எளிதாக எடுபடுகிறது. "நாங்க சின்ன வயசுலேர்ந்து குளிக்கிற எடம்தான்" என்ற சொல்லுக்கு நம் மலேசியத் தோட்டங்களிலும் அந்த வலிமை உண்டு.

மலேசிய ஆறுகளில் உவர்நீர் முதலை உண்டு. பெயரில் உப்பு இருந்தாலும் நன்னீரிலும் அது வாழும். கழிமுகத்திலிருந்து வெகுதூரம் ஆற்றில் ஏறி வரும். முழு வளர்ச்சி பெற்ற ஆண் ஐந்து மீட்டரைத் தாண்டலாம். சரவாக்கின் பத்தாங் லுப்பார் ஆற்றில் பலரைக் கொன்று 1992 மே மாதம் சுடப்பட்ட 'புஜாங் செனாங்' 19 அடிக்கு மேல் இருந்தது. இந்த விலங்கு துரத்தி வேட்டையாடுவதில்லை. காத்திருக்கும். கலங்கிய நீரில் முழங்கால் ஆழம் இருந்தாலே உடலை மறைத்துக்கொள்ளும். அது தாக்குவது பெரும்பாலும் விளிம்பில். துணி துவைக்கும் கல், படகுத்துறை, மீன் கழுவும் இடம் என்று ஓர் உயிர் நாள்தோறும் அதே நேரத்தில் வந்து குனியும் இடங்களை அது கவனித்துவைக்கிறது. மீன் குடலும் கோழிக் கழிவும் கொட்டும் கரைக்கு அது மறுபடியும் வரும். உணவு தராதீர்கள் என்று ஃபுளோரிடாப் பலகையில் எழுதியதும் இதற்காகத்தான்: மனிதர் கையிலிருந்து உணவு கிடைத்த முதலைக்கு மனிதரிடம் இருந்த அச்சம் போய்விடுகிறது.

இப்படி ஓர் ஆறு ஓடும் வட்டாரம் ஒன்றைப் பார்ப்போம். சிலாங்கூர் மாநிலத்தின் புக்கிட் பெருந்துங், கோலாலம்பூருக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில், 1990களில் தோட்ட நிலத்தில் எழுந்த நகர். கோல்ஃப் திடல், குளங்கள், வீடமைப்புப் பகுதிகள். பிரேசர் மலைப் பக்கம் பிறக்கும் சிலாங்கூர் ஆறு இந்த வட்டாரத்தைக் கடந்து, பெஸ்தாரி ஜெயா வழியாக, மின்மினிப் பூச்சிகளுக்குப் பேர்போன கம்போங் குவாந்தானைத் தொட்டு, கோலசிலாங்கூரில் கடலைச் சேர்கிறது. அந்த ஆற்றில் முதலை காணப்பட்டதுண்டு. மேல்பகுதியில் உள்ள கோலகுபுவில் பழங்கதை ஒன்று உண்டு: 1883இல் ஆங்கிலேய அதிகாரி ஒரு வெள்ளை முதலையைச் சுட்டாராம், அதன்பிறகு அணை உடைந்து ஊரே போனதாம். கதை எப்படியோ, அணை உடைந்ததும் அதில் அந்த அதிகாரி இறந்ததும் வரலாறு. இடத்தின் பெயர் இன்றும் அம்பாங் பெச்சா, உடைந்த அணை.

இந்த வட்டாரத்தின் பெரிய ஆபத்துக்குப் பல் இல்லை. பெஸ்தாரி ஜெயா, 2007 வரை அதன் பெயர் பத்தாங் பெர்ஜுந்தாய், ஈயம் தோண்டிய ஊர். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. குழிகளில் தண்ணீர் நிறைந்தது. அவைதான் இன்றைய ஈயக்குட்டைகள். குளத்துக்குச் சரிவான கரை இருக்கும்; கால் வைத்து ஆழம் பார்த்து இறங்கலாம். தோண்டிய குழிக்கு அது கிடையாது. முதல் அடி முழங்கால், இரண்டாவது அடி தலைக்கு மேல். கரை, ஈயம் அரித்தபின் கொட்டிய மணல். ஓர் ஆள் பாரத்தில் சரியும். அடியில் மாவுபோன்ற சேறு. ஊன்றிய காலை விடாது. மூச்சு நின்றபின் மூளைக்கு மிஞ்சுவது நான்கிலிருந்து ஆறு நிமிடம். தீயணைப்பு வண்டி அதற்குள் தோட்டத்துக்கு வந்து சேர்வது அரிது.

2018 அக்டோபர் 3. பூச்சோங், தாமான் புத்ரா பெர்டானாவில் ஓர் ஈயக்குட்டை. நண்பர்களுடன் மீன் பிடிக்கப் போன 17 வயது இளைஞர் தவறி விழுந்தார். தேட வந்த நீர் மீட்புப் படையினர் ஆறு பேர், ஒரே கயிற்றில் தங்களைப் பிணைத்துக்கொண்டு இரவில் இறங்கினர். மதகுப் பக்கம் நீரோட்டம் வலுத்திருந்தது. சுழலில் அவர்களுடைய கருவிகள் கழன்றன. ஆறு பேரும் இறந்தனர். பயிற்சி பெற்றவர்கள், நீந்தத் தெரிந்தவர்கள்.

இன்னொரு தேடல், பஹாங்கின் மாரான் அருகே லுபுக் யூ உல்லாச வனத்தில், 2010 ஜூன் இறுதியில். நீரில் மூழ்கிய இளைஞர் ஒருவரைத் தேடி அதிகாரிகளும் ஊர்மக்களுமாக 150க்கும் மேற்பட்டோர் ஈடுபட்டனர். தேடியவர்களில் யாரும் மூழ்கவில்லை. எல்லாரும் வீடு திரும்பினர். சில நாளில் காய்ச்சல் தொடங்கியது. எட்டுப் பேர் இறந்தனர். கண்டறியப்பட்டவை இரண்டு நோய்கள். ஒன்று எலிக் காய்ச்சல்: எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, தோலில் உள்ள சிறு கீறல் வழியாகவோ கண், வாய் வழியாகவோ ஏறுவது. மற்றொன்று மெலியோய்டோசிஸ்: ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியா உண்டாக்குவது, நுரையீரலைத் தாக்கி, இரத்தத்தில் பரவிக் கொல்லும். அவ்வாண்டு டிசம்பரில் எலிக் காய்ச்சல், மலேசியாவில் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோயானது.

மெலியோய்டோசிஸ் யாரை அதிகம் தாக்குகிறது என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த செய்தி: நீரிழிவுக்காரர்களை. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயதுவந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. எல்லா இனங்களிலும் அதுவே மிக அதிகம். காலில் ஆறாத புண்ணோடு தூண்டில் போடும் பெரியவரைப் பார்க்காத தோட்டம் இல்லை.

புக்கிட் பெருந்துங் வட்டாரத்துக் குட்டைக் கரைகளில் நிற்கும் பலகைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. சிவப்புப் பின்னணி, மேலே பஹாயா, அதாவது அபாயம். கீழே குளிக்கவோ நீந்தவோ தடை. சிலவற்றில் நீருக்கு மேல் நீளும் ஒரு கை. வெயிலில் சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகிறது. லாலாங் புல் பாதி மறைக்கிறது. கரை சரியும் என்றோ, இரண்டாவது அடியில் ஆழம் என்றோ, முதலை வரலாம் என்றோ, புண் உள்ளவர் காலை நனைக்க வேண்டாம் என்றோ, விழுந்தவரைக் காப்பாற்றக் குதிக்காமல் கயிற்றையோ காலி எண்ணெய்த் தோம்பையோ எறிந்துவிட்டு 999ஐ அழைக்க வேண்டும் என்றோ அதில் இருப்பதில்லை. செம்பனைத் தோட்டங்களில் இப்போது வேலை செய்பவர்களில் வங்காளதேசத்தவரும் நேபாளிகளும் உண்டு. அவர்களில் பலருக்கு அந்த ஒற்றை வரியையும் படிக்கத் தெரியாது. முதலையின் படம் எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

எலிக் காய்ச்சல் வெளிப்படப் பொதுவாக ஐந்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். அதற்குள் ஞாயிற்றுக்கிழமைக் குளியல் மறந்துபோகும். காய்ச்சல், உடல்வலி, கெண்டைக்காலில் கடும் வலி, கண் சிவப்பு. சிலாங்கூர், நாட்டிலேயே டெங்கி அதிகமுள்ள மாநிலம். கிளினிக்கில் முதலில் டெங்கியைத்தான் சந்தேகிப்பார்கள். எலிக் காய்ச்சலுக்கு ஆண்டிபயாட்டிக் மருந்து உண்டு. தொடக்கத்தில் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். இரண்டு வாரத்துக்கு முன் குட்டையில் இறங்கினேன் என்று நோயாளிதான் சொல்ல வேண்டும்.