போக்கிமான் முதல் தலைமுறை ஆட்டங்கள்: வழுவும் வழுவமைதியும்

ஆய்வுச் சுருக்கம்

1996ஆம் ஆண்டு பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் கேம் பாய் கையடக்கக் கருவிக்கென வெளிவந்த போக்கிமான் ரெட், கிரீன் ஆகிய ஆட்டங்களையும், 1998இல் அமெரிக்காவில் வெளியான ரெட், புளூ பதிப்புகளையும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. இவற்றின் குறைகளுள் எவை ஆடுவோரை ஏமாற்றின, எவை அவர்களால் ஏற்றுக்கொள்ளப்பட்டன என்பதை இலக்கண மரபின் துணைகொண்டு விளக்க முயல்கிறது.

திறவுச்சொற்கள்: போக்கிமான், நிகழ்பட ஆட்டம், வழு, வழுவமைதி, விதி

முன்னுரை

மென்பொருள் நிரலில் நேரும் பிழையைக் கணினித் தமிழ் 'வழு' என்று வழங்குகிறது. இலக்கணத்திலிருந்து பெற்ற இச்சொல்லுக்கு அங்கே ஓர் இணை உண்டு. பசுவை உவப்பின் மிகுதியால் அம்மை என உயர்திணைப்படுத்துவது விதிக்கு மாறானதே. எனினும் காரணம் கருதி அதனை வழுவமைதி என ஏற்பர். நிரல் வழுக்களையும் இவ்வாறு பகுத்துக் காணலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தனித்து முடிக்க இயலாமை

சதோஷி தாஜிரியின் தலைமையில் கேம் ஃபிரீக் நிறுவனம் இவ்வாட்டத்தை உருவாக்கியது. சிறுவயதில் பூச்சிகளைப் பிடித்துச் சேகரித்த பழக்கமே இதற்கு வித்து என்பதை அவர் குறிப்பிட்டுள்ளார். ஆட்டத்தில் உள்ள உயிரினங்கள் 151. ஒருவர் தம்மிடமுள்ள ஒரு பதிப்பை மட்டும் கொண்டு அவற்றை முழுமையாகச் சேர்க்க முடியாது. சில உயிரினங்கள் ஒரு பதிப்பில் மட்டுமே காணப்படும். கடாப்ரா, ஹான்டர் முதலிய நான்கும் இணைப்புக் கம்பி வழியே மற்றொருவருக்குக் கைமாறினால்தான் அடுத்த வடிவம் பெறும். 8 கிலோபைட்டு பணி நினைவகமே கொண்ட கருவியில் இயங்கிய ஓர் ஆட்டம், தனக்கு வெளியே இன்னொரு மனிதரைத் தேடிச் செல்லுமாறு ஆடுபவரைப் பணித்தது. இதுவே அதன் தலையாய வலிமை.

இவ்வலிமைக்கு ஒரு விலையும் உண்டு. இரண்டு கருவிகள், இரண்டு ஆட்டப் பொதியுறைகள், ஒரு கம்பி ஆகியன இல்லாதவருக்கு ஆட்டம் நிறைவுறுவதில்லை. இக்கட்டுரையாளர் இவ்வாட்டத்தைப் பள்ளிப் பருவத்தில் எமுலேட்டர் வழியாகத் தனியே ஆடியவர். அவருடைய கடாப்ரா இறுதிவரை கடாப்ராவாகவே இருந்தது. வடிவமைப்பை வியந்து எழுதும்போது இந்நிலையையும் சேர்த்தே எழுத வேண்டியுள்ளது.

விதியும் நடப்பும்

போரின் அடிப்படை, நீர் நெருப்பை வெல்லும், நெருப்பு தாவரத்தை வெல்லும் என்பது போன்ற உறவுகள். மொத்தம் 15 வகைகள். சிறுவரும் விரைவில் கற்றுக்கொள்ளும் எளிமை இதில் உண்டு. ஒவ்வோர் உயிரினத்திற்கும் நான்கு தாக்குதல்களே என்ற வரம்பு, எதை ஏற்பது, எதை விடுவது என்று எண்ணச் செய்கிறது.

ஆனால் உளவலிமை வகையில் இவ்வமைப்பு சரிந்துவிடுகிறது. இவ்வகையினர் அஞ்சுவது ஆவிக்கும் பூச்சிக்கும் மட்டுமே என்று ஆங்கிலப் பதிப்பில் வரும் ஒரு பாத்திரம் கூறுகிறது. நிரலிலோ ஆவி வகைத் தாக்குதல் உளவலிமை வகையைச் சிறிதும் தீண்டாது. ஆட்டத்திலுள்ள ஆவி இனங்கள் மூன்றும் நஞ்சு வகையையும் சார்ந்தவை. ஆகவே உளவலிமைத் தாக்குதலுக்கு அவையே எளிதில் வீழும். பூச்சி வகைத் தாக்குதல்கள் உரியவாறு செயற்பட்டாலும் அவை அனைத்தும் வலுக்குன்றியவை. இங்கு ஆட்டம் ஒன்றைச் சொல்லி மற்றொன்றைச் செய்கிறது. சொல்லை நம்பி உழைத்துத் தன் ஆவியைப் போருக்கு அனுப்பிய சிறுவன், தோல்விக்குக் காரணம் தன் அறியாமை என்றே எண்ணியிருப்பான். இதற்கு அமைதி காண வழியில்லை.

'ஃபோகஸ் எனர்ஜி' என்னும் உத்தியும் இத்தகையதே. கடுந்தாக்கு நிகழும் வாய்ப்பை உயர்த்த வேண்டிய அது, வாய்ப்பை நான்கில் ஒன்றாகக் குறைக்கிறது. தவறாது படும் எனக் காட்டப்படும் தாக்குதலும் 256இல் ஒரு முறை தவறும். 0 முதல் 255 வரை எழும் சமவாய்ப்பு எண், 255ஐவிடக் குறைவாக இருந்தால் மட்டுமே தாக்குதல் படும் என நிரல் எழுதப்பட்டமையே காரணம். இவை யாவும் வழு.

ஏற்கப்பட்ட வழு

ரெட், புளூ பதிப்புகளில் தோன்றும் 'மிஸ்ஸிங்நோ' இவற்றினின்று வேறுபட்டது. விரிடியன் நகரில் ஒரு முதியவர் உயிரினம் பிடிக்கும் முறையைச் செய்து காட்டுகிறார். அப்போது திரையில் அவர் பெயர் தோன்ற வேண்டும் என்பதற்காக, ஆடுபவரின் பெயர், புல்வெளி உயிரினங்களின் பட்டியலுக்குரிய நினைவகப் பகுதியில் தற்காலிகமாக வைக்கப்படுகிறது. அங்கிருந்து நேரே சின்னபார் தீவுக்குப் பறந்து அதன் கிழக்குக் கரையோரம் நீந்தினால், புல்வெளியே இல்லாத அவ்விடத்தில் நிரல் அப்பட்டியலை நாடுகிறது; ஆடுபவரின் பெயரெழுத்துகளே உயிரினங்களாக எழுகின்றன. அதனை எதிர்கொண்டால் பையில் ஆறாவதாக உள்ள பொருள் பல மடங்காகப் பெருகும்.

இவ்வழு ஆடுவோருக்கு எதனையும் பொய்யாக உறுதியளிக்கவில்லை. மாறாக, அவர்களே கண்டறிந்து வாய்மொழியாகப் பரப்பிய கதையாயிற்று. இதனை வழுவமைதி எனலாம். ஷிகெகி மோரிமோதோ இறுதிக்கட்டத்தில் எஞ்சிய சிறு இடத்தில் சேர்த்த மியூ, முறையான வழியில் எங்கும் பிடிக்க இயலாதது. அது வழுவன்று எனினும் அதே ஆர்வத்தைத் தூண்டியது.

1999இல் வந்த கோல்ட், சில்வர் ஆட்டங்களில் ஆவிக்குரிய விதி திருத்தப்பட்டது. உளவலிமைத் தாக்குதல் தீண்டாத இருள் வகையும் சேர்க்கப்பட்டது. 2016 பிப்ரவரி 27 அன்று பழைய ஆட்டங்கள் நின்டெண்டோ 3டிஎஸ் கருவியில் மீண்டும் வெளியானபோது, கம்பிக்கு மாற்றாகக் கம்பியில்லா இணைப்பு வந்தது. ஆவியின் வழுவும் மிஸ்ஸிங்நோவும் தொடப்படாமல் அவ்வாறே விடப்பட்டன.