கணு இருந்தால் போதும்

புதினாக் கட்டைப் பிரித்து இலையைக் கிள்ளி எடுத்ததும் தண்டு குப்பைக் கூடைக்குப் போய்விடும். மதுரை வண்டியூர் வீடுகளிலும் வழக்கம் அதுதான். அந்தத் தண்டில் சற்று முற்றலான நாலைந்தை எடுத்து, அடி இலைகளை நீக்கி, இரண்டு கணுவாவது முங்கும்படி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள். ஒரு வாரம், பத்து நாளில் கணுவைச் சுற்றி நூல்நூலாக வெள்ளை வேர் இறங்கும். அதைத் தொட்டிமண்ணுக்கு மாற்றி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால், சட்னிக்கு வேண்டியதை வீட்டிலேயே கிள்ளிக்கொள்ளலாம்.

சூட்சுமம் கணுவில் இருக்கிறது. புதுத் துளிரும் புது வேரும் கிளம்பும் இடம் அது.

மதுரைப் பக்கத்தில் இது புதுச் சங்கதி அல்ல. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. ராமேசுவரம் அருகே தங்கச்சிமடத்தில் வேர் பிடிக்கவைத்த நாற்றுகள்தான் இங்கே தோட்டமாகின்றன. நாட்டு முருங்கைக்குப் போத்து, கரும்புக்குக் கரணை என்று வயற்காட்டில் நடப்பதுதான் அடுப்படியிலும் நடக்கிறது.

பொன்னாங்கண்ணியும் கொடிப்பசலையும் இதில் சுலபமானவை. இலை ஆய்ந்தபின் மிஞ்சும் தண்டை நேராக ஈரமண்ணில் ஊன்றினாலே துளிர்க்கும். பெரிய வெங்காயத்தில் வேருள்ள அடிப்பகுதியை ஓர் அங்குலம் விட்டு நறுக்கி மண்ணில் பதித்தால் வெங்காயத்தாள் வரும். கூடையிலேயே முளைவிட்ட சின்ன வெங்காயத்தை முழுசாக ஊன்றலாம்.

எல்லாம் முளைக்கும் என்று நம்பி ஏமாற வேண்டாம். கேரட், பீட்ரூட், முள்ளங்கியின் கொண்டையைத் தண்ணீரில் வைத்தால் இலை வரும்; கிழங்கு வராது. அந்தக் கிழங்கு செடி சேர்த்துவைத்த உணவு. ஒருமுறை வெட்டிவிட்டால் கொண்டை அதைத் திரும்பக் கட்டுவதில்லை. பூண்டுப் பல்லிலும் தாள்தான் மிச்சம். பூண்டு திரள்வதற்குக் குளிர் வேண்டும். அது கொடைக்கானல் மலையில் உண்டு, வைகைக் கரையில் இல்லை. முளைத்துப் பச்சையேறிய உருளைக்கிழங்கைச் சமைக்கக் கூடாது, அதன் இலையைக் கீரையாக ஆயவும் கூடாது. இரண்டிலும் நச்சு உண்டு.

இன்னொரு கவனமும் தேவை. டெங்கு பரப்பும் கொசு முட்டையிட டம்ளர் அளவு நல்ல தண்ணீரே போதும். ஆகவே தண்ணீரைத் தினமும் மாற்றி, டம்ளரின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வேர் இரண்டு அங்குலம் வளர்ந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுவது நல்லது.

பொறுமை உள்ளவர்களுக்கு இஞ்சி இருக்கிறது. மொட்டுபோல முளை தெரியும் துண்டாகத் தேர்ந்தெடுத்து, அகலமான தொட்டியில் இரண்டு அங்குல ஆழத்தில், முளை மேலே பார்க்கும்படி படுக்கவைக்க வேண்டும். மண்ணில் மட்கிய எருவும் கொஞ்சம் மணலும் கலந்திருக்கட்டும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். மொட்டைமாடி வெயில் இதற்கு ஆகாது, வேப்பமர நிழலோ தாழ்வார ஓரமோ போதும். இஞ்சி விளைய எட்டு ஒன்பது மாதம் பிடிக்கும். சித்திரையில் அழகர் வண்டியூருக்கு வரும் நாள்களில் வைத்த துண்டு, தைப்பூசத்தன்று மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பம் சுற்றும் சமயத்தில் இலை பழுத்துக் காய்ந்து, தோண்டி எடுக்கத் தயாராக இருக்கும்.