குதிரைக்கு பிரேக் வாயில் இல்லை

குதிரையின் உதட்டைப் பக்கவாட்டில் விலக்கிப் பார்த்தால், முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் தெரியும். ஆண் குதிரையென்றால் அங்கே ஒரு சிறு கோரைப்பல் இருக்கும். பெண் குதிரைக்குப் பெரும்பாலும் அதுவும் கிடையாது. மெல்லிய ஈறு, அதற்கு அடியிலேயே தாடை எலும்பு. இந்த இடைவெளியில்தான் மனிதன் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக உலோகக் கம்பியை வைத்து வருகிறான்.

கடிவாளத்தின் வாய்க்கம்பி நாக்கின் மேலும் இந்த ஈறின் மேலும் படிந்து கிடக்கும். லகானைச் சுண்டி இழுத்தால் அழுத்தம் முழுக்க அங்கேதான் இறங்கும். பின்லாந்தில் வண்டிப் பந்தயம் முடிந்து வந்த 261 குதிரைகளின் வாயை ஆய்வாளர்கள் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். 84 சதவீதக் குதிரைகளுக்குக் கம்பி படும் இடத்தில் புதுக் காயம் இருந்தது. வாய்க்கு வெளியே ரத்தம் தெரிந்ததோ மிகச் சிலவற்றில்தான். நம் நாட்டுக் கதை இன்னும் மோசம். உள்பக்கம் முள் வைத்த கடிவாளத்தை வண்டிக் குதிரைகளுக்கும் சுமைக் குதிரைகளுக்கும் மாட்டக் கூடாது என்று 1965-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்பு விதிகளே சொல்லிவிட்டன. விலங்குநல அமைப்புகள் வட இந்தியக் கல்யாண ஊர்வலக் குதிரைகளின் வாயிலிருந்து அவற்றை இன்றும் கழற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

சரி, கம்பியை எடுத்துவிட்டால் குதிரை நிற்குமா? முதலில் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கேட்பவர் அறுபது, எழுபது கிலோ இருப்பார். குதிரை ஐந்நூறு கிலோ. மிரண்டு ஓடும் குதிரையை எந்தக் கம்பியாலும் பலத்தால் நிறுத்த முடியாது. வாய் வலித்தால் வலியிலிருந்து தப்ப இன்னும் வேகமாக ஓடும் குதிரைகளும் உண்டு.

கார்த்தேஜின் தளபதி ஹானிபலுடன் போருக்குப் போன வட ஆப்பிரிக்க நுமிடியர்கள் கடிவாளமே இல்லாமல் குதிரை ஓட்டியவர்கள் என்று ரோமானியர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். ரோம் நகரில் கி.பி. 113-இல் எழுப்பிய டிராஜன் தூணில் மூர் இனக் குதிரைப்படை சேணமும் கடிவாளமும் இல்லாமல் பாய்வதை இன்றும் பார்க்கலாம். விளையாட்டுச் சவாரி செய்தவர்கள் அல்ல அவர்கள். போர்க்களத்தில் திரும்பி, விலகி, மறுபடி பாய்ந்தவர்கள்.

இது எப்படி முடிகிறது என்பதற்குக் கற்றல் அறிவியலில் விடை இருக்கிறது. அழுத்தும்போது குதிரை எதையும் கற்பதில்லை. அழுத்தம் விலகும் கணத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்ததோ அதைத்தான் சரியான விடையாக எடுத்துக்கொள்கிறது. நில் என்பதற்காக லகானை மெல்ல இறுக்குகிறீர்கள், குதிரை நடையைத் தளர்த்துகிறது, அந்த நொடியிலேயே கை தளர வேண்டும். நின்ற பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால், நின்றும் பயனில்லை என்று அது புரிந்துகொள்ளும். அடுத்த முறை இன்னும் பலமாக இழுக்க வேண்டிவரும். பிறகு இன்னும் கடுமையான கம்பி வாங்க வேண்டிவரும். இடுப்பையும் தொடையையும் கொண்டு சொல்லும் சமிக்ஞைகளும் இப்படியே பதிகின்றன. நன்றாகப் பழகிய குதிரை, ஏறியவர் மூச்சை விட்டு இடுப்பைத் தளர்த்தி உட்கார்ந்ததுமே நின்றுவிடும்.

இப்படிப்பட்ட கை சேணத்தில் ஏறிய பிறகு பழகுவதில்லை. லாயத்தில், உடம்பு தேய்க்கும்போதே பழகிவிட வேண்டும். சவாரிப் பள்ளிகளில் ஐந்து நிமிடத்தில் முடித்துத் தள்ளும் வேலை இது என்பது என் வருத்தம்.

குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் பார்வை கிடையாது. ஆகவே தோள்பக்கமாகக் குரல் கொடுத்துக்கொண்டே நெருங்க வேண்டும். முதலில் ரப்பர் தேய்ப்பானால் வட்டவட்டமாகத் தேய்த்து அழுக்கையும் உதிர்முடியையும் மேலே கொண்டுவர வேண்டும். கழுத்து, தோள், பிட்டம் எனச் சதை உள்ள இடங்களோடு அது சரி. முகத்திலும் முழங்காலுக்குக் கீழும் தோலுக்கு அடியில் எலும்புதான், அங்கே மெல்லிய பிரஷ் போதும். கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்கரான செனபோன் இதைச் சொல்லிவிட்டார்: தலை எலும்பாலானது, கட்டையோ இரும்போ கொண்டு தேய்க்காமல் தண்ணீரால் கழுவுங்கள் என்கிறார்.

வயிற்றுவார் கட்டும் இடத்தையும் சேணம் உட்காரும் இடத்தையும் விரலால் தடவிப் பார்க்காமல் விடக் கூடாது. குதிரையின் வியர்வையில் லேத்தரின் என்ற புரதம் இருக்கிறது. அடர்ந்த முடிக்குள் வியர்வை பரவி ஆவியாக அது உதவுகிறது. ஓடிவந்த குதிரையின் கழுத்தில் லகான் உரசும் இடத்தில் வெள்ளையாக நுரை கட்டுவது அதனால்தான். அந்த வியர்வை உப்போடு காய்ந்து மொறமொறத்த முடியின் மேல் வாரைக் கட்டினால் தோல் புண்ணாகும். குளம்பைத் தூக்கிக் கொக்கியால் சுத்தம் செய்யும்போது குதிகாலிலிருந்து நுனியை நோக்கித்தான் இழுக்க வேண்டும். நடுவில் இருக்கும் முக்கோண வடிவ மென்பகுதியைக் குத்திவிடக் கூடாது. கறுத்து, நாற்றமடித்தால் ஈர லாயத்தில் வரும் அழுகல் நோய் என்று அர்த்தம்.

கழுத்து முதுகோடு சேரும் மேட்டில் குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும். பிரான்சின் காமார்க் குதிரைகளுக்கு அதே இடத்தில் கையால் சொறிந்துவிட்டு அளந்தபோது இதயத்துடிப்பு பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. 1993-இல் வெளியான ஆய்வு இது. சுகமாக இருந்தால் மேலுதடு நீண்டு துடிக்கும், கண் பாதி மூடும். காதைப் பின்னுக்கு மடித்து, வாலை வீசி, தலையைத் திருப்பினால் அங்கே வலிக்கிறது என்று பொருள். இந்தப் பாஷையைக் கீழே நின்று படித்தவருக்கு மேலே உட்கார்ந்து படிப்பது சுலபம்.

தலையைத் துடைக்கும் போதே மூக்கின் மேல் விரலை வைத்து மெல்லக் கீழே இறக்கிப் பாருங்கள். கெட்டியான எலும்பு ஓரிடத்தில் மெலிந்து முடிந்து, அழுத்தினால் அமுங்கும் குருத்தெலும்பு தொடங்கும். வாய்க்குப் பதில் மூக்கில் அழுத்தம் தரும் கம்பியில்லாக் கடிவாளத்தின் மூக்குவார் அந்த எல்லைக்கு நன்றாக மேலே, கன்ன எலும்பு மேட்டுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். குதிரை வாயால் மூச்சு விடாது. வார் கீழே இறங்கினால் மூச்சே தடைப்படும். முகத்துக்கு உணர்வு தரும் பெரிய நரம்பு ஒன்றும் அந்தப் பக்கமாகத்தான் எலும்பிலிருந்து வெளியே வருகிறது.

கம்பி இல்லையென்றாலே மென்மை என்று விற்பனையாளர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். மூக்குவாரின் இரு பக்கமும் லகானைக் கட்டும் எளிய வகை புதியவர்களுக்கு ஏற்றது. கலிஃபோர்னியாவின் பழைய மாட்டுக்காரர்கள் பின்னிய பச்சைத்தோல் வளையத்தை மூக்கில் மாட்டிக் குதிரை பழக்கினார்கள். இரு பக்கமும் நீண்ட உலோகக் கம்பிகள் தொங்கும் 'மெக்கானிக்கல் ஹாக்கமோர்' நெம்புகோல் விதிப்படி வேலை செய்வது. கையின் இழுப்பைப் பலமடங்காக்கி மூக்கையும் மோவாயையும் நெரிக்கும். முரட்டுக் கையில் அது சாதாரண வாய்க்கம்பியைவிடக் கொடுமை.

அமெரிக்காவில் பணியாற்றிய கால்நடை மருத்துவப் பேராசிரியர் ராபர்ட் குக் தாடைக்கு அடியில் வார்கள் குறுக்காகப் போகும் ஒரு வகையை உருவாக்கி, கம்பிக்கு எதிராகப் பல ஆண்டுகள் எழுதி வந்தவர். 66 குதிரைகளின் உரிமையாளர்களிடம் அவர் கேட்டுத் தொகுத்த கணக்கில், வலியைக் காட்டும் நடத்தைகளின் இடைநிலை எண்ணிக்கை கம்பியோடு 23, கம்பியைக் கழற்றிய பின் 2. பெரிய வித்தியாசம்தான். ஆனால் சொன்னவர்கள் தாமே விரும்பிக் கம்பியைக் கழற்றியவர்கள், எண்ணியவர் மாற்றுக் கடிவாளத்தை வடிவமைத்தவர். பின்லாந்துக் காயங்களை நம்பும் அளவுக்கு இந்த எண்ணை நான் நம்ப மாட்டேன்.

போட்டி விதிகளில் ஒரு வேடிக்கை. 1.60 மீட்டர் தடையைத் தாண்டும் ஷோ ஜம்பிங்கில், குதிரை மிகவும் சூடேறியிருக்கும் அந்த ஆட்டத்தில், கம்பியில்லாமல் இறங்க சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு அனுமதிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சமிக்ஞையில் குதிரை அசைவதே அழகு என்று மதிப்பெண் போடும் டிரெசாஜில் மட்டும் வாய்க்கம்பி கட்டாயம்.