ஓட்டைக் காலணாக் காலம்!

கோவையில் குண்டு விழவில்லை. ஆனால் இரண்டாம் உலகப் போர் வீட்டுச் சமையலறைக்குள்ளேயே நுழைந்துவிட்டது!

1939 செப்டம்பரில், நம் தலைவர்களைக் கேட்காமலே இந்தியாவைப் போரில் இறக்கினார் வைசிராய் லின்லித்கோ. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி நின்றது. பின்னர் ரேஷன் வந்தது. கார்டும் பையுமாகப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். கொங்கு நாட்டுச் சோளமும் கம்பும் ராகியும் பல வீடுகளில் பசி தீர்த்தன.

பெட்ரோலுக்கும் தட்டுப்பாடு. பஸ்ஸின் பின்னால் கரியடுப்பு ஏறிற்று! அதில் கிளம்பிய வாயுவில் பஸ் ஓடிற்று. மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளவேண்டும்.

ஆலைகள் நிறைந்த கோவையில் துணிக்கும் கட்டுப்பாடு! உலோகத்தை மிச்சப்படுத்த, 1943-ல் காலணாவின் நடுவில் ஓட்டை போட்டது சர்க்கார்.

“யாருக்காக இந்தப் போர்?” என்ற கோபம் பொங்கிற்று. 1942 ஆகஸ்டில் சூலூர் விமானத்தளம் தீப்பற்றி எரிந்தது. பலர் சிறை சென்றார்கள்.

இங்கிலாந்து மக்களும் ரேஷனில்தான் வாழ்ந்தார்கள். ஆனால் அது அவர்கள் நாட்டுப் போர். நம் மீதோ சுமத்தப்பட்ட போர்!

பழைய டப்பாவில் ஓட்டைக் காலணா கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். பாட்டி வரிசையில் நின்ற கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள்.