திருட்டுப் படத்தில் மறைந்திருக்கும் முகவரி

புதிய திரைப்படம் வெளியான ஓரிரு நாட்களிலேயே அதன் திருட்டுப் பிரதி கைப்பேசிகளில் உலவத் தொடங்குவதை நாம் காண்கிறோம். எந்த ஊரில், எந்தத் திரையரங்கில் அது பதிவு செய்யப்பட்டது? பிரதியில் ஊரோ பேரோ எழுதியிருப்பதில்லை. ஆயினும் அதனை அறிய வழி உண்டு.

2024 செப்டம்பரில் 'அஜயன்டெ ரண்டாம் மோஷணம்' என்னும் மலையாளப் படம் வெளியாயிற்று. 'அஜயனின் இரண்டாம் திருட்டு' என்பது இதன் பொருள். அப்படமே திருட்டுக்கு ஆளாயிற்று! கோயம்புத்தூர்த் திரையரங்கு ஒன்றில் அதைப் பதிவு செய்ததாக இருவரைக் கொச்சிக் காவல்துறையினர் அக்டோபரில் பெங்களூரில் கைது செய்தனர்.

1914இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கோவையில் வெரைட்டி ஹால் திரையரங்கைத் தொடங்கிய காலத்தில், படத்தைத் திருட வேண்டுமானால் சுருள் பெட்டியையே தூக்கிச் செல்ல வேண்டும். பின்னர் வீடியோ நாடா வந்தது. படியிலிருந்து படி எடுக்க எடுக்கத் தெளிவு குன்றியது. இன்றோ படம் என்பது வெறும் எண்களின் தொகுப்பு. ஆயிரமாவது படியும் முதற்படியைப் போன்றே இருக்கும்.

புலப்படாக் குறி

ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்தால் காந்தியடிகளின் உருவம் தெரிகிறதல்லவா? அதுபோன்ற குறி ஒன்றைத் திரையிடும் கருவி படத்தில் பதிக்கிறது. காட்சியின் சில பகுதிகளின் ஒளி மிகச் சிறிதளவு கூட்டியோ குறைத்தோ காட்டப்படும். நம் கண்ணுக்கு அது தெரியாது.

உலகத் திரையரங்குகளுக்கான தர விதியின்படி இக்குறியில் 0, 1 என்னும் இரும இலக்கங்கள் 35 உள்ளன. அவற்றுள் 19 இடத்தையும், 16 நேரத்தையும் குறிக்கும். 19 இலக்கங்களால் 5,24,288 இடங்களை வேறுபடுத்தலாம். நேரம் 15 நிமிடக் கணக்கில் குறிக்கப்படுகிறது.

திருட்டுப் பிரதி மங்கலாக இருந்தாலும் குறி அழியாதா? நூற்பாலையின் இரைச்சலில் ஒருமுறை முணுமுணுத்த சொல் கேளாது. அதையே ஒரே தாளத்தில் பன்முறை சொன்னால் செவி பிரித்தறியும். விநாடிக்கு 24 படங்கள் வீதம் 5 நிமிடத்தில் 7,200 படங்கள் ஓடுகின்றன. அவற்றை மூலப் படத்தோடு ஒப்பிட்டுக் கூட்டிப் பார்த்தால், ஒழுங்கற்ற மங்கல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும்; குறி மட்டும் எஞ்சும்.

இழப்பு யாருக்கு?

நூறு சேலை நெய்ய நூறு சேலைக்கும் நூல் வேண்டும். திரைப்படத்திலோ பெரும்பாலான செலவு முதற்படியை உருவாக்குவதிலேயே முடிந்துவிடுகிறது. அதை மீட்கும் வருவாயின் பெரும்பகுதி முதல் சில நாட்களில் வரவேண்டும். அந்நாட்களில் திருட்டுப் பிரதி பரவினால் பெரிய நடிகரின் படம் ஒருவாறு தாங்கும். புதிய இயக்குநரின் சிறு படம் தாங்காது. சிற்றூர்த் திரையரங்கில் சீட்டுக் கிழிப்பவரின் கூலியும் அதில் அடங்கியுள்ளது.

2023ஆம் ஆண்டுத் திரைப்படத் திருத்தச் சட்டத்தின்படி, திரையரங்கில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வோருக்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 3 இலட்ச ரூபாய் அபராதமும் உண்டு.

ஆனால் குறி காட்டுவது அரங்கையும் நேரத்தையுமே, ஆளை அன்று. பரவிய பிரதியைத் திரும்ப அழைக்கவும் அதனால் இயலாது. கைப்பேசிக்கு வந்த பிரதியை மற்றொருவருக்கு அனுப்பாமல் நிறுத்துவது நம் கையில்தான் இருக்கிறது.