பழைய காம்பாக் கணினியில் கடிகாரச் சிப் செத்துவிட்டதா?

காம்பாக் போர்ட்டபிள் 3 என்ற பெட்டிக் கணினி 1987இல் வந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பிளாஸ்மா திரை அதன் அழகு. சுவிட்சைப் போட்டதும் 162, 163 என்ற பிழை எண்கள் தெரிந்தால் கலங்க வேண்டாம். அமைப்புகளும் நேரமும் மறந்துவிட்டன என்றுதான் அது சொல்கிறது.

ஏன் மறந்தது?

உள்ளே டல்லாஸ் நிறுவனத்தின் டி.எஸ்.1287 சிப் (மின்சுற்று அடங்கிய சிறு துண்டு) இருக்கும். மற்றவற்றைவிட உயரமான கறுப்புக் கட்டி. கடிகாரம், 64 பைட் நினைவகம், லித்தியம் பேட்டரி மூன்றையும் ஒன்றாக வைத்துப் பூசி அடைத்திருப்பார்கள். பேட்டரிக்குப் பத்தாண்டு ஆயுள் என்றுதான் கணக்கு. அது எப்போதோ முடிந்துவிட்டது.

பேட்டரியை மட்டும் மாற்றக்கூடாதா?

சிலர் பூச்சைச் சுரண்டி, 16, 20ஆம் கால்களில் சி.ஆர்.2032 பேட்டரியை இணைக்கிறார்கள். வேலை செய்யும். ஆனால் பழைய பேட்டரியின் இணைப்பை அறுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புதியதன் சக்தியும் அதில் போய்விடும். சுரண்டும் கருவி லித்தியத்தில் பட்டால் சூடாகி, தீப்பிடிக்கவும் கூடும். முதல்முறை செய்பவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் எதை வாங்குவது?

அதே கால் அமைப்புள்ள டி.எஸ்.12887 பொருந்தும். மேலே அச்சிட்ட நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 9412 என்றால் 1994ஆம் ஆண்டின் 12ஆம் வாரம். பிரிக்காத பெட்டியில் வந்தாலும் அந்தப் பேட்டரிக்கும் வயதாகியிருக்கும். நாணய பேட்டரியைச் செருகும் வசதியுள்ள மாற்றுப் பலகைகளும் கிடைக்கின்றன. அடுத்தமுறை பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும் என்பதால் எனக்கு அதுவே பிடிக்கும்.

நானே பொருத்தலாமா?

சிப் சாக்கெட்டில் (செருகும் தாங்கியில்) இருந்தால் தாராளமாக. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எந்தப் பக்கம் பள்ளக்குறி இருக்கிறது என்று படமெடுத்துக்கொண்டு, இரு முனைகளையும் மாறிமாறி மெல்லத் தூக்குங்கள். ஈயம் வைத்து ஒட்டியிருந்தால் பழகிய மெக்கானிக்கிடம் கொடுங்கள். அதே இடத்தில் 24 கால் சாக்கெட் ஒன்றை வைத்துத் தரச் சொல்லுங்கள். மின்வழங்கிப் பெட்டியையும் திரையின் பின்புறத்தையும் தொடவே வேண்டாம். அங்கே உயர் மின்னழுத்தம் இருக்கிறது.

மாற்றியதும் சரியாகிவிடுமா?

ஆகாது. அமைப்புகளை மீண்டும் பதிய வேண்டும். அதற்கான நிரல் இந்தக் கணினிக்குள் இல்லை. காம்பாக்கின் செட்டப் பிளாப்பி தேவை. முதலில் அதைத் தேடி வையுங்கள்.

அங்கே ஹார்டு டிஸ்க்கின் வகை எண்ணைக் கேட்கும். தவறான எண்ணைக் கொடுத்தால் டிஸ்க் படிக்காது. அப்போது பலர் பதறிப்போய் ஃபார்மட் (முழுவதும் அழித்துப் புதிதாகத் தயார்செய்தல்) செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். எண் மட்டுமே தவறு; கோப்புகள் டிஸ்க்கில் அப்படியே இருக்கின்றன. டிஸ்க்கின் மீதுள்ள மாடல் பெயரைக் குறித்து, அதற்குரிய வகை எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுங்கள். கிடைத்ததும் ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.