நிற்கும் கிளைடரும் பறக்கும்

லாஸ்பேட்டை விமானத்தளத்தின் திறந்தவெளியில், ஐப்பசி கார்த்திகையில், ஒரு கிளைடரை நிறுத்தியிருப்பதாக வைத்துக்கொள்வோம். எஞ்சின் கிடையாது, உள்ளே ஆளும் இல்லை. ஆனாலும் அது கிளம்பிவிடலாம். காற்றைக் கிழித்துக்கொண்டு தான் ஓடுகிறதா, நிற்கும் தன்மேல் காற்று ஓடுகிறதா என்பதெல்லாம் இறக்கைக்கு ஒன்றுதான்.

ஒற்றை இருக்கை கிளைடரின் வெற்று எடை ஏறத்தாழ 250 கிலோ. இறக்கை முனைக்கு முனை 15 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. காற்று எதிரே வந்தாலே அந்த எடையில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தூக்கும் விசை நான்கு மடங்காகும். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல் சுமார் 140 கி.மீ. வேகத்தில் அடித்தது. அந்தக் காற்றில் ஒரு டன்னுக்கு மேல் தூக்கும் விசை வரும்.

அதனால் கட்டுவதற்கு முன்பே காற்றை ஏமாற்ற வேண்டும். கிளைடரைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பி, காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தரையில் சாய்த்து, முனையில் பழைய டயரையோ மணல் மூட்டையையோ வைப்பார்கள். பிறகுதான் இரு முனைகளிலும் வாலிலும் பட்டை போட்டுத் தரையில் அடித்த முளைகளில் கட்டுவார்கள்.

பட்டைக்கு அடியில் மெத்தை வேண்டும். இறக்கையின் மெல்லிய பின்விளிம்பைப் பட்டை நெரிக்கக் கூடாது. அசுவினி, பரணி, ரோகிணி என நட்சத்திரப் பெயர்களோடு நம் நாட்டில் உருவான பழைய மரக் கிளைடர்களுக்கு இது இன்னும் முக்கியம். தட்டையான பட்டை காற்றில் படபடவென்று அதிர்ந்து ரீங்காரமிடும், உரசி உரசியே தேயும். நடுவில் ஒரு முறுக்கு கொடுத்தால் அடங்கிவிடும். லாரிக்காரர்களும் இதைச் செய்வதுண்டு. நார்க்கயிறு நனைந்தால் சுருங்கி இறக்கையையே வளைக்கும்; நைலான்தான் நல்லது. தொய்வாகவும் விடக் கூடாது: இறக்கை சற்றே எழும்பி வெடுக்கென்று இழுபடும்போதுதான் முளை பிடுங்கிக்கொள்கிறது.

கடலோர மணலில் நேர் முளை நிற்காது. திருகு முளை வேண்டும், அல்லது ஆழத்தில் பலகையைப் புதைத்து அதில் கட்ட வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் இவற்றில் எதையும் நான் நம்பமாட்டேன். கிளைடரின் பெரிய வசதியே ஊசிகளை உருவினால் இறக்கைகள் கழன்றுவிடுவதுதான். மூன்று நான்கு பேர் இருந்தால் கழற்றி டிரெய்லருக்குள் தள்ளிவிடலாம். அந்த டிரெய்லரையும் கட்டத்தான் வேண்டும். உயரமாகவும் எடை குறைவாகவும் இருப்பதால் பக்கக்காற்றில் அதுவும் கவிழும்.